நாசிலில் வைத்த சந்தனம்

ஓசூர்,
ஐப்பசி 6.

மதிப்பிற்குரிய மச்சான் மாதேஷ் அவர்களுக்கு,

உங்கள் தங்கை ஜெயப்ரியாவின் கணவன் பூபதி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நான் நலம். பிரியா நலம். பிரியாவின் வயிற்றில் இருப்பதும் நலம் என்று போன வாரம் ஸ்கேனில் சொன்னார்கள். ஒரு பித்தளை முனை மட்டும் நலமில்லாமல் இருந்து இப்போது தேறிவிட்டது. அதைப் பின்னால் எழுதுகிறேன். அங்கே வேப்பனப்பள்ளியில் நீங்கள், அத்தை, மாந்தோப்பு, கறுப்பு நாய், டிராக்டர் எல்லோரும் சுகம்தானே. டிராக்டரையும் எல்லோரிலும் சேர்த்ததைக் கேலி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காரணம் உண்டு.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். என் எண்ணை உங்கள் போன் ஏற்பதில்லை. இரண்டு வருடமாக. ஒரு முறை மணி அடித்து அடங்கிவிடும். பிரியாவின் போனிலிருந்து பேசலாம்தான். அவள் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வாக்கியத்தையும் சோதிப்பாள். கம்பெனியில் அவள் வேலையே அது. தவிர, எனக்கு நேரில் பேச்சு வராது. தாளில் கொஞ்சம் வரும்.

கடிதத்தின் நோக்கம் ஒன்றே ஒன்று. ஐப்பசி பதினாறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பிரியாவுக்கு வளைகாப்பு. நீங்கள் வர வேண்டும். வந்து அண்ணனாக நிற்க வேண்டும். அத்தை வந்துவிடுவார்கள். உங்களைப் பற்றிக் கேட்டதற்கு, "அவன் சங்கதி எனக்குத் தெரியாது மாப்ள, நீங்களே கேட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டார்கள். கேட்கிறேன். அவ்வளவுதான் விஷயம். இத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

ஆனால் ஏர்பிரஷ் பற்றிச் சொல்லாமல் இதைக் கேட்டால், நான் எதையோ மறைத்தவன் ஆகிவிடுவேன்.

முதலில் பழைய தவறு. எங்கள் கல்யாணத்தை ஆனி மாதம் வைத்தோம். உங்கள் தோப்பில் லாரி நிற்கும் மாதம். எங்கள் கம்பெனியில் வருடத்துக்கு ஒரு முறை லைனை நிறுத்திப் பராமரிப்பு செய்யும் ஒன்பது நாட்கள் அதில்தான் வந்தன. "ஒரு மாசம் தள்ளி வெக்கலாங்களா பூபதி? காய் எறக்கிக்கினு இருக்கறோம்" என்று நீங்கள் கேட்டீர்கள். "வேற மாசம் லீவு கிடைக்காதுங்க" என்றேன். "மாங்காய்க்கு மட்டும் லீவு கெடைக்குங்களா சார்?" என்றீர்கள். அதுவரை பூபதி. அந்த நிமிடத்திலிருந்து சார். முகூர்த்தத்துக்கு இரண்டு லோடுக்கு நடுவில் வந்தீர்கள். மாங்காய்ப் பால் பட்டுக் கறுத்த விரல்களால் தங்கை கையில் பொரியை அள்ளிப் போட்டீர்கள். சாப்பிடாமல் போனீர்கள். லாரி காத்திருந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். லாரி மட்டும் காரணமில்லை என்று எனக்குத் தெரியும்.

இனி என் வேலை. எங்கள் பெயிண்ட் ஷாப்பில் பைக் டேங்குகளுக்கு ஆறு ரோபோக்கள் வர்ணம் அடிக்கின்றன. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று அவற்றைப் பார்க்கிறேன். எட்டு மணி நேரம். என் கையில் பெயிண்ட் பட்டு நான்கு வருடம் ஆகிறது. பெயிண்டர் என்றுதான் அடையாள அட்டையில் இருக்கிறது. இந்த வெட்கத்தில்தான் வீட்டில் பிளாஸ்டிக் மாடல் செய்யத் தொடங்கினேன். துண்டு துண்டாக வரும் சின்ன விமானங்கள், சின்ன லாரிகள். ஒட்டி, தேய்த்து, வர்ணம் அடிக்க வேண்டும். வர்ணம் அடிப்பது ஏர்பிரஷ்ஷில். ஏர்பிரஷ் என்றால் உங்கள் மாமரத்துக்கு மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயரின் கடைசித் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். பேனா அளவு. பின்னால் கம்ப்ரஸரிலிருந்து காற்று வரும், மேலே குட்டிக் கோப்பையிலிருந்து பெயிண்ட் வரும், இரண்டும் நுனியில் இருக்கும் நாசிலில் சேர்ந்து புகையாகும்.

என்னிடம் இருந்த பழையது மலிவு. விசையை அழுத்தினால் காற்றும் பெயிண்டும் ஒன்றாக வரும், கோபத்தில் பேசுகிறவர் வாயிலிருந்து வருவது போல. முதலில் தும்மும். அப்புறம் கொட்டும். நிறுத்திய பிறகு நினைவு வந்தது போல ஒரு சொட்டு துப்பும். பிரியா வேலை முடிந்து வந்து கைப்பையை வைப்பதற்கு முன் என் மாடலைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்ப்பாள். "இது வழிஞ்சிருக்கு. இது ஆரஞ்சுத் தோலாட்டம் சொரசொரப்பு. இது தூசி. இது... இன்னான்னே தெரில, மேல அனுப்பணும்." வீட்டில் மேலே யாரும் இல்லை. சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவாள். கம்பெனியிலிருந்து ஒரு ரோல் கொண்டு வந்து வைத்திருக்கிறாள். எங்கள் அலமாரியில் பதினான்கு வண்டிகள் நிற்கின்றன. பதினான்கும் ரிஜெக்ட்.

அவளுக்கு ஐந்தாம் மாதம் ஆரம்பித்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. உங்கள் டிராக்டரைச் செய்வது. உள்ளங்கை அளவில், அச்சு அசலாக. அதை உங்களிடம் கொடுப்பது. கொடுத்துவிட்டு எதையும் பேசாமல் நிற்பது. பேசாமல் நிற்பது எனக்கு நன்றாக வரும். பிரியாவிடம் சொன்னேன். "எங்கண்ணன் மனுசங்ககிட்ட பேசுறதவிட வண்டிகிட்டதான் நெறைய பேசும்" என்றாள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அடுத்த முறை ஊருக்கு வந்தபோது அவள் டிராக்டரைப் பதினோரு படம் எடுத்து வந்தாள். நீங்கள் அதை எப்போதும் அதே மாமரத்தடியில், அதே திசையில் நிறுத்துகிறீர்கள். வலது பக்கம் நிழல். இடது பக்கம் வெயில். பன்னிரண்டு வருடம். அதனால் இடது பின்சக்கரத்தின் மட்கார்டு மட்டும் வெளுத்திருக்கிறது. அடியில் சிவப்பு. மேலே போகப் போக செங்கல். அதற்கு மேல் ரோஜா. உச்சியில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. எங்கே ஒரு நிறம் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். தொடங்கவே இல்லை. ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போய்விட்டிருக்கிறது, யாரிடமும் சொல்லாமல்.

அந்த வெளுப்பு இல்லாவிட்டால் அது எவன் டிராக்டரோ. உங்களுடையது இல்லை.

பழைய ஏர்பிரஷ்ஷால் முயன்றேன். டிராக்டருக்கு அம்மை போட்டது போல வந்தது. "இத எங்கண்ணன் பாத்தா வேப்பில கட்டிடும்" என்றாள் பிரியா. கழுவிவிட்டு இன்னொரு முறை அடித்தேன். அம்மை இறங்கவில்லை. ஏர்பிரஷ் சரியில்லை என்றேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "சரி, நல்லதா ஒண்ணு வாங்கு. வாங்கிட்டு அப்பறம் அது சரியில்ல, இது சரியில்லன்னு சொல்லக்கூடாது." அப்போதுதான் எனக்கு பயம் வந்தது. கெட்ட கருவி ஒரு பாதுகாப்பு. நல்லது வந்துவிட்டால், கெட்டது யார் என்று தெரிந்துவிடும்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் புது ஏர்பிரஷ் வந்தது.

மச்சான், அந்த ஊசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏர்பிரஷ்ஷின் நடுவில் நீளமாக ஓர் ஊசி. வெளிச்சத்தில் பிடித்தேன். நுனி எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அது முடியவில்லை. இல்லாமல் போகிறது. அது போய் உட்காரும் நாசில் அரிசி நொய் அளவு. அதில் ஒரு துளை, ஒரு மில்லிமீட்டரை ஐந்தாகப் பிரித்தால் ஒரு பங்கு. அதற்குள்ளும் மரை போட்டிருக்கிறான். யாரோ ஒரு மனிதன், எந்த ஊரிலோ, இதை யோசித்திருக்கிறான். விசையைக் கீழே அழுத்தினால் காற்று மட்டும். அழுத்தியபடியே பின்னால் இழுத்தால் பெயிண்ட். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு. சத்தமே இல்லை. கையில் பிடித்திருக்கிறோம் என்பதே கொஞ்ச நேரத்தில் மறந்துபோகிறது. பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீரில் கரையும் பெயிண்டில் இரண்டு சொட்டு விட்டு, பழைய செய்தித்தாளில் ஒரு கோடு இழுத்தேன். வரி விளம்பரங்கள் இருக்கும் பக்கம். பொடி எழுத்து. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் என் கோடு போனது. எந்த எழுத்தையும் தொடவில்லை.

பிரியாவைக் கூப்பிட்டேன். லென்ஸ் எடுத்து வந்தாள். குனிய முடியவில்லை, தாளைத் தூக்கிக் கண்ணருகில் வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம். பிறகு "பாஸ்" என்றாள். எங்கள் கம்பெனியில் அந்தச் சொல் கேட்டால் பொருள் லாரி ஏறிவிடும். வீட்டில் அன்றுதான் முதல் முறை கேட்டேன்.

அடுத்த நாள் ஆயுத பூஜை. காலையில் கம்பெனியில் ஒரு பிரச்சினை. ரோபோவுக்கு நெற்றி எது? ஒருவர் தோள் என்றார். ஒருவர் மணிக்கட்டு என்றார். முத்துக்குமார் என்று என்னோடு வேலை செய்கிறவன், கேமரா இருக்கும் இடம்தான் முகம், அதற்கு மேலே நெற்றி என்று வாதாடினான். நாசில் பக்கம் சந்தனம் போகக் கூடாது என்று இன்ஜினியர் முன்கூட்டியே கயிறு கட்டி வைத்திருந்தார். கடைசியில் ஆறு ரோபோவுக்கும் பாதத்தில் பொட்டு வைத்துக் கும்பிட்டோம். எனக்கு அந்தக் கயிறு நினைவிருந்திருக்க வேண்டும். வீட்டில் கயிறு கட்டவில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்தால் வாசலில் உங்கள் செருப்பு.

அத்தை வருவார்கள் என்று தெரியும். நீங்கள் வருவீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தீர்கள், டிக்கெட் எடுக்காதவர் பஸ்ஸில் உட்காருவது போல. "வாங்க" என்றேன். "ம்" என்றீர்கள். அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியாமல், பூசணிக்காய் வாங்கவில்லை என்று நினைவு வந்தவன் போல வண்டியை எடுத்தேன். தெருவில் பூசணிக்காய் தீர்ந்திருந்தது. பாகலூர் ரோடு வரை போக வேண்டியிருந்தது. திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது. பூசணிக்காயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூன்று மாடி ஏறி உள்ளே வந்தால், பூஜை முடிகிற நிலையில் இருந்தது. வாழை இலை மேல் மிக்சி, லேப்டாப், பிரியாவின் வெர்னியர் அளவுகோல், ஸ்கூட்டர் சாவி, கம்ப்ரஸர். எல்லாவற்றுக்கும் பொட்டு. நடுவில், தனி வெற்றிலை மேல், என் புது ஏர்பிரஷ். நாசிலின் நுனியில், மிகச் சரியாகத் துளையின் மேல், சுண்டைக்காய் அளவு சந்தனம். அதன் மேல் குங்குமம்.

"இது யாரு வச்சது?" என்றேன்.

"நான்தான் சார்" என்றீர்கள். எழுந்தும் நின்றீர்கள். "வேல செய்யிற எடத்துலதான் வெக்கணும். பின்னாடி வெச்சா அதுக்கு எப்டி தெரியும்? எங்க ஸ்பிரேயருக்கும் அங்கதான் வெப்பன். மறுநாளு தண்ணி விட்டா பட்டுனு தெறிச்சிடும்."

மச்சான், இரண்டு வருடத்தில் நீங்கள் என்னிடம் தொடர்ந்து பேசிய மிக நீளமான பேச்சு அது. அதைக் கேட்டுக்கொண்டே சந்தனம் உள்ளே இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டில் எதைக் கவனிப்பது என்று தெரியவில்லை. கை தானாக நீண்டது.

"ஐயோ மாப்ள!" என்றார்கள் அத்தை. "பூசையில வெச்ச ஆயுதத்த இன்னிக்கித் தொடலாமா? நாளிக்கிதான் எடுக்கணும்."

"இல்லைங்க அத்தை, சும்மா லேசா தொடச்சிட்டு..."

"தொடச்சிட்டா? சாமிக்கி வெச்ச பொட்ட அழிப்பாங்களா? உங்க முசிறிப் பக்கம் அப்டிங்களா?"

நீங்கள் சிரித்தீர்கள். சத்தமில்லாமல், ஒரு பக்க வாயால். "இன்னா சார், இன்னிக்கே வேல இருக்குதா? அதுக்கும் ஒரு நாளு லீவு குடுங்க."

இரண்டு வருடம் கழித்து மறுபடியும் என்னிடம் லீவு கேட்கிறீர்கள். இதையும் இல்லை என்று சொன்னால் நான் மனிதனா? கொடுத்தேன். கையை மடக்கிப் பின்னால் வைத்துக்கொண்டேன். நீங்கள் அன்று சுண்டல் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டீர்கள். என் வீட்டில் நீங்கள் சாப்பிட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். அந்தச் சந்தனம் ஈரமஞ்சளிலிருந்து வெளிர்மஞ்சளாகி, ஓரத்தில் வெடிப்பு விட்டுக் காய்வதையும் பார்த்தேன். உங்கள் சுண்டல், என் நாசில். ஒன்று நிறைய நிறைய மற்றது அடைத்துக்கொண்டிருந்தது. எனக்கு அன்று சந்தோஷமா துக்கமா என்று பிரியா இரவு சாப்பாட்டின்போது கேட்டாள். தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது.

விஜயதசமி காலையில் வெந்நீரில் ஊறப் போட்டேன். வெளியே இருந்தது கரைந்தது. உள்ளே இருந்தது இருந்தது. விசையை அழுத்தினால் ஏர்பிரஷ் மணந்தது. கோயிலில் கூட்டமில்லாத நேரம் போல. பெயிண்ட் வரவில்லை. பல் இடுக்கு சுத்தம் செய்யும் பிரஷ்ஷை விட்டேன். போகவில்லை. பிரியா தன் தலைமுடி ஒன்றைக் கொடுத்தாள். முடி போனது, சந்தனம் நகரவில்லை. சரி, நாசிலையே கழற்றிவிடுவோம் என்று குட்டி ஸ்பானரைப் போட்டு பால்கனியில் நின்று கழற்றினேன். கழன்றது. கழன்று விரலிலிருந்து நழுவி, கம்பிக்கு வெளியே போய், மூன்று மாடி இறங்கி, கீழ் வீட்டுச் சென்னம்மா கழுவிக் காயப் போட்டிருந்த ராகியில் விழுந்தது.

ராகியின் நிறம் உங்களுக்குத் தெரியும். வெயிலில் பித்தளையின் நிறம் என்ன என்றும் யோசித்துப் பாருங்கள். முட்டி போட்டு ஒவ்வொரு மணியாகப் பார்த்தேன். சென்னம்மா வந்து தலைக்கு மேல் நின்றார்.

"ஏனப்பா இது, நடு வெயில்ல? என் ராகிய எண்ணிக்கினு கீறயா?"

விஷயத்தைச் சொன்னேன். பாதிதான் புரிந்திருக்கும். ஆனால் அவர் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் முறத்தை எடுத்து வந்தார். ராகியை அள்ளி அள்ளிப் புடைத்தார். இரண்டு தட்டு, ஒரு சுழற்று. தானியம் முழுவதும் ஒரு பக்கம் போகிறது. கனமானது பின்தங்கி அவர் பெருவிரலருகில் வந்து நிற்கிறது. ஐந்தாவது முறத்தில் மூன்று பொடிக்கற்களோடு என் நாசில் நின்றது. "கல்லுதான் இது" என்று எறியப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் கம்பெனியில் இந்த வேலைக்கு ஒரு மெஷின் இருக்கிறது. ஒரு அறை அளவு இருக்கும். மாதம் இரண்டு முறை நின்றுவிடும்.

மறுநாள் நாசிலைப் பஞ்சில் சுற்றி டூல் ரூம் பெரியதம்பியிடம் கொண்டு போனேன். அவரிடம் ஒரு தொட்டி உண்டு. அதில் தண்ணீர் காதுக்குக் கேட்காத சத்தத்தில் அதிர்ந்து எந்த அழுக்கையும் உதறிவிடும். ஆனால் கேட்டில் செக்யூரிட்டி நிறுத்தினார். உலோகப் பொருளை உள்ளே கொண்டு போனால், வெளியே எடுத்து வரும்போது கம்பெனிப் பொருள் ஆகிவிடும். பாஸ் வேண்டும். போட்டார். பொருள்: நாசில். எண்ணிக்கை: ஒன்று. நிலை என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். உள்ளதைச் சொன்னேன். "சந்தனத்துடன்" என்று எழுதினார்.

பெரியதம்பி முதலில் அதை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். என்னைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். கோபுரத்தைக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பது போல இருந்தது. அடுக்கடுக்காக மரை, உள்ளே போகப் போகக் குறுகி, கடைசியில் ஒரு வாசல். வாசல் முழுவதும் மஞ்சள். "உள்ள சந்தனக்காப்பு போட்டு வெச்சிருக்காங்கய்யா" என்றார் பெரியதம்பி. செருப்பைக் கழற்றலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. பிறகு தொட்டியில் போட்டார். மஞ்சளாக ஒரு நூல் புகை கிளம்பியது. நெளிந்து மேலே வந்து கரைந்தது. மூன்று முறை. அறை முழுவதும் வாசனை. "இருவது வருசமா டீசல் நாத்தந்தான் இங்க" என்றார் அவர். வேலையை விட்டுவிட்டு நான்கு பேர் வந்து நின்றார்கள்.

சாயங்காலம் கேட்டில் அதே செக்யூரிட்டி. பாஸைப் பார்த்தார், நாசிலைப் பார்த்தார்.

"உள்ள போறப்ப சந்தனத்தோட போச்சு. இப்ப சந்தனம் எங்க?"

"எடுத்துட்டோங்க."

"எடுத்தது எங்க?"

கரைந்துவிட்டது என்றேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார். பெரியதம்பி கையெழுத்தோடு, 'மேற்படி சந்தனம் டூல் ரூமில் கரைந்தது' என்று ஒரு தாள் வாங்கி வந்து கொடுத்த பிறகுதான் விட்டார்.

போன ஞாயிறு மட்கார்டை அடித்தேன்.

அடியில் சிவப்பு வைத்தேன். பிறகு கோப்பையில் ஒரு சொட்டு வெள்ளை. மூச்சை விட்டுவிட்டு விசையை இழுத்தேன். இழுத்தேன் என்பதுகூட அதிகம். இழுக்க நினைத்தேன். நுனியிலிருந்து ஏதோ வந்தது. பெயிண்ட் வருவது தெரியவில்லை. நிறம் மாறுவது தெரிந்தது. அடுத்த சொட்டு. அடுத்தது. செங்கல் வந்தது. ரோஜா வந்தது. நான் அடிக்கிறேன் என்றே தோன்றவில்லை. பக்கத்தில் நின்று பார்க்கிறேன் என்றும் தோன்றவில்லை. வெயில் பன்னிரண்டு வருடம் எப்படி அந்த மட்கார்டின் மேல் இறங்கியிருக்கும் என்று நாற்பது நிமிடம் எனக்குத் தெரிந்திருந்தது. வெயில் ஒரு நாளும் அவசரப்பட்டிருக்காது. நிமிர்ந்தபோது கழுத்து வலித்தது. வேறு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த அறையில் இனி என்னால் சத்தமாகப் பேச முடியாது என்று தோன்றியது.

பிரியா பார்த்தாள். லென்ஸ் கேட்கவில்லை. "அப்பல்லாம் இது மேலதான் நான் உக்காந்துக்குவன். பஸ் ஸ்டாப் வரைக்கும் அண்ணன் கொண்டுபோய் உடும்" என்றாள். ஸ்டிக்கர் ரோலை எடுக்கவில்லை.

ஆக, நாசிலைப் பற்றி உங்கள் மேல் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இருந்தது. இரண்டரை நாள் இருந்தது. முறத்திலும் தொட்டியிலுமாகப் போய்விட்டது. வேலை செய்யும் இடத்தில்தான் பொட்டு வைக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னதும் சரிதான். ரோபோவின் பாதத்தில் வைத்தவர்கள் நாங்கள்.

ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். இதற்காகத்தான் இவ்வளவு சுற்றினேன் என்று இப்போதுதான் எனக்கே தெரிகிறது. அந்த வருடம் லீவை வேறு மாதம் மாற்றித் தரச் சொல்லி நான் கேட்கவே இல்லை. கிடைக்காது என்று நானே முடிவு செய்துகொண்டேன். கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். முத்துக்குமார் கேட்டான், ஆவணியில் கொடுத்தார்கள். எனக்குக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தே பழகிவிட்டது. வாயைத் திறந்து யாரிடமும் எதையும் கேட்டதில்லை. உங்களுக்குக் கிடைக்க வேண்டிய ஒரு மாதத்தைக் கேட்காமல் விட்டவன் நான். இப்போது கேட்கிறேன். ஐப்பசி பதினாறு. தோப்பில் காய் இல்லை, லாரி இல்லை. இந்த முறை நாள் பார்க்கும்போது முதலில் அதைத்தான் பார்த்தேன். வாருங்கள். டிராக்டர் மேஜை மேல் இருக்கிறது. உங்களுக்காகச் செய்தது. வரவில்லை என்றாலும் உங்களுடையதுதான். ஆனால் வாருங்கள்.

அத்தைக்கு என் வணக்கங்கள். மழை அளவோடு நிற்கட்டும். தையில் பூ கொட்டாமல் பிடிக்கட்டும். புழு, தத்துப்பூச்சி எதுவும் உங்கள் வேலி தாண்டாமல் இருக்கட்டும். கறுப்பு நாய் என்னைப் பார்த்துக் குரைப்பதை அதன் விருப்பத்துக்கே விடுகிறேன்.

உங்கள் பதிலுக்குக்கூட இல்லை, வரவுக்குக் காத்திருக்கும்,
பூபதி.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் அத்தை போன் செய்தார்கள். பிரியா ஸ்பீக்கரில் போட்டாள். "சொல்லக்கூடாதுன்னு சொல்லிக்கினு இருக்கறான், நான் சொன்னன்னு சொல்லிடாத. வளகாப்புக்கு சீரு எடுத்துக்கினு வர்றதுக்கு வண்டிக்கி புதுசா செவப்பு அடிச்சிட்டான். உங்க வீட்ல அந்தக் குட்டி மிஷின பாத்துட்டு வந்ததுலருந்து அவனுக்கு அதே நெனப்பு. மருந்தடிக்கிற ஸ்பிரேயர கழுவி பெயிண்ட ஊத்தி மூணு நாளா அடிச்சான். வண்டி செவப்பு, ஆளு செவப்பு, கன்னுக்குட்டி பாதி செவப்பு." டிராக்டரிலா, ஓசூர் வரைக்குமா என்று பிரியா கத்தினாள். "வேன் வெக்கலாம்டான்னன். தங்கச்சிக்கு சீரு வாடக வண்டியிலயான்றான்." பிரியா சிரித்து, அழுது, மறுபடி சிரித்து, இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறாள். ஆகவே மேலே எழுதியதில் கேட்டது எதையும் கேட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். டிராக்டர் நிறுத்த இடம் பார்த்து வைக்கிறேன். மட்கார்டு இப்போது இரண்டு பக்கமும் ஒரே சிவப்பாம். அப்படியென்றால் அந்த வெளுப்பு உலகத்தில் என் மேஜை மேல் மட்டும்தான் இருக்கிறது. மாடல் என்றால் உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும் என்பது விதி. வரும்போது டப்பாவில் மீதி இருக்கும் சிவப்பை ஒரு மூடி அளவு கொண்டு வாருங்கள். மொத்த டிராக்டருக்கும் அது போதும். பெயிண்ட் வாசனைக்குப் பயமில்லை, வளைகாப்பு முடிந்ததும் பிரியா உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். வலது பக்கத்தை நான் அடிக்கிறேன். இடது மட்கார்டை நீங்களே அடித்துக் கொடுங்கள். எனக்கு மனம் வரவில்லை.